மடிக்கணினியில் வேகமும் வெப்பமும்

மடிக்கணினி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். மே மாதத்து டில்லியில், மாடி அறை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு அதனை உண்மையாகவே மடிமீது வைத்து வேலை செய்து பார்த்தவர்களுக்கே அப்பெயர் எத்துணைப் பொருத்தமற்றது என்பது விளங்கும். அதன் அடிப்பாகம் தோசைக்கல்லைப் போலச் சுடுகிறது. பக்கத்துத் துவாரங்களின் வழியே அனற்காற்று வீசுகிறது. உள்ளே இருக்கும் சிறு விசிறிகள் வண்டு இரைவது போல் ஓயாது இரைகின்றன. இந்த நிலையில் உள்ள கணினியை இன்னும் வேகமாக ஓட்டவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அவருக்கு நாம் என்ன விடை கூறுவது?

இக்கேள்வி கற்பனையன்று. டில்லியில் பர்சாதி என்று வழங்கும் மொட்டைமாடி அறையில் நம் வீட்டிலேயே குடியிருக்கும் கட்டடக்கலை மாணவர் ஒருவர், சென்ற கோடையில் இதையே நம்மிடம் கேட்டார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. தந்தையார் கடன் வாங்கி வாங்கித் தந்த கணினி அது. இறுதியாண்டுத் தேர்வுக்காக அவர் தீட்டிய கட்டடத்தின் முழு உருவப் படங்களைக் கணினி கணித்து முடிக்க இரவு முழுவதும் பிடித்தது. ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. "மாமா, இதிலுள்ள கிராபிக்ஸ் பிராசசரை ஓவர்கிளாக் செய்தால் வேகம் கூடுமாமே, செய்யலாமா?" என்றார். நண்பர்கள் சிலர் அவ்விதம் செய்து பயன் கண்டதாகவும் கூறினார்.

ஓவர்கிளாக்கிங் என்பது யாது? ஒரு செயலிக்கு அதனை உற்பத்தி செய்தோர் நிர்ணயித்த வேகத்துக்கும் மேலாக அதனை ஓட்டுவதே ஆகும். அதன் பயனையும் தீங்கையும் எடைபோட வேண்டுமாயின், அந்த வேகம் எதனால் ஆயது என்பதை முதற்கண் அறிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் திரையில் காணும் உருவங்களைக் கணித்துத் தருவது வரைகலைச் செயலி. திரையில் உள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றும் எந்நிறத்தில் ஒளிரவேண்டும் என்பதைத் தனித்தனியே கணிக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு பெரிய கணக்கனை வைத்துக்கொள்வதைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை வரிசையாக உட்கார வைப்பது இவ்வேலைக்கு உகந்தது. என்விடியா கம்பெனியார் 1999-ஆம் ஆண்டில் ஜீஃபோர்ஸ் 256 என்னும் சாதனத்தை வெளியிட்டபோது அதற்கு வரைகலைச் செயலி என்னும் பெயரைச் சூட்டி விளம்பரம் செய்தனர், பெயரும் நிலைத்துவிட்டது. இன்று இது விளையாட்டுக்கு மட்டும் பயன்படுவதன்று. கட்டட உருவங்களைத் தீட்டுவோர், திரைப்படக் காட்சிகளை அமைப்போர், செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்வோர் ஆகிய யாவருக்கும் இதுவே உழைக்கிறது.

இக்கணக்கர்கள் அனைவரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஏணிப்படிகளில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கீழேயிருந்து ஒருவர் "ஏலேலோ" என்று குரல் கொடுக்க, ஒவ்வொரு குரலுக்கும் சட்டி ஒரு கை மாறுகிறது. குரல் விரைந்தால் வேலை விரையும். ஆயினும் சட்டி ஒரு கையினின்று மறு கைக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் வேண்டுமல்லவா? அந்நேரத்தையும் கொடாமல் அடுத்த குரல் எழுந்தால் சட்டி கீழே விழும். செயலியினுள் ஒலிக்கும் குரல் வினாடிக்கு 150 கோடி, 200 கோடி முறை எழுகிறது. பத்து இலட்சம் துடிப்புக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது கணக்கு. டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய மின்கதவுகள் திறந்து மூடி, மின்குறிகள் உரிய இடத்தைச் சேர்ந்து நிலைபெறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுமாயின் கணக்குத் தவறும். திரையில் புள்ளிகள் சிதறும், நிறங்கள் பிறழும், அன்றிக் கணினி முழுவதுமே உறைந்து நின்றுவிடும்.

ஆளுக்கு அதிகச் சோறு போட்டால் கை இன்னும் விரைந்து ஓடும் என்பது போல, மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்கதவுகள் இன்னும் விரைந்து திறக்கும். இங்கேதான் வினை தொடங்குகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒரே அச்சில் வார்த்த செயலிகளாயினும் எல்லாம் ஒரே திறமுடையன அல்ல. ஆகவே, வலிவு குறைந்ததும் தவறாமல் ஓடும்படியான வேகத்தையே உற்பத்தியாளர் பெட்டியின்மேல் அச்சிட்டு விற்பர். வலிவு மிக்கது கையில் கிடைத்தவருக்கு அது யோகமே. இன்டெல் கம்பெனி 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. தாய்ப்பலகையின் அடிப்படைத் துடிப்பை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. பாதிக்குப் பாதி இலாபம்! அவ்வேகத்தில் ஓடும் உயர்ந்த ரகச் செயலியின் விலையோ அதைவிட மிக அதிகம். அக்காலத்து இளைஞர்களின் உள்ளத்தில் இச்செய்தி எத்தகைய ஆசையை விதைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசையின் பேரப்பிள்ளைதான் நம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீடிஎக்ஸ் 680 முதற்கொண்டு என்விடியாவின் செயலிகள் தம் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்ளக் கற்றுவிட்டன. எவ்வளவு வெப்பம் ஏறியிருக்கிறது, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கணந்தோறும் அளந்து, இடம் இருக்குமட்டும் வேகத்தை ஏற்றி, இடம் இல்லையேல் இறக்கிக்கொள்ளும். முன்பு பயனர்க்கு எஞ்சியிருந்த யோகத்தின் பெரும்பகுதியை இன்று செயலியே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அதிலும் மடிக்கணினியின் நிலைமை வேறு. ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் பெயருடைய செயலி மேசைக் கணினியில் 450 வாட் மின்சாரத்தை உண்ணும்படி அமைந்தது. சிறு கணக்கர்கள் 16,384 பேர். அதே பெயரில் மடிக்கணினிக்கு வந்ததற்கு அனுமதித்த மின்சாரம் 80 முதல் 150 வாட் வரையே. கணக்கர்கள் 9,728 பேர். இரண்டும் ஒரே சில்லன்று. பெயர் மட்டுமே ஒன்று. வாங்குவோரை மயங்க வைக்கும் இப்பெயரிடு முறையை நாம் பாராட்ட இயலவில்லை. அது நிற்க. ஒன்றிரண்டு விரற்கடைக் கனமுள்ள பெட்டிக்குள், மையச் செயலியும் வரைகலைச் செயலியும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களின் வழியாகத் தம் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கையில், 150 வாட் என்பதே பெரிய பாரம் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

இப்போது முன்பு நிறுத்திவைத்த கணக்குக்கு வருவோம். மின்கதவுகள் திறந்து மூடுவதற்குச் செலவாகும் மின்சாரம், துடிப்பின் வேகத்தைப் பொறுத்து ஒரு மடங்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். வேகத்தை நூற்றுக்குப் பத்துக் கூட்டி, அதற்காக மின்னழுத்தத்தை நூற்றுக்கு ஐந்து கூட்டினோம் என்று கொள்வோம். 1.10-ஐ 1.05-ஆல் இருமுறை பெருக்கினால் ஏறத்தாழ 1.21 வரும். அதாவது பத்துப் பங்கு வேகத்துக்கு இருபத்தொரு பங்கு வெப்பம். மறுதலையாகவும் பார்க்கலாம். வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் நூற்றுக்குப் பத்துக் குறைக்க முடிந்தால், 0.9-இன் வர்க்கம் 0.81, இந்தச் செலவில் பத்தொன்பது பங்கு மிச்சம். இச்சிறு கணக்கை நேயர்கள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், மேற்கொண்டு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நம் நாட்டுக்கு உரிய கணக்கு மற்றொன்றும் உண்டு. மடிக்கணினியின் வரைகலைச் செயலி 85 டிகிரிக்கு மேல் 90-ஐ நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைப்பது வழக்கம். 87 என்று வைத்துக்கொள்வோம். விசிறி வெளியேற்றும் வெப்பம், செயலிக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 25 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 62. டில்லியின் மாடி அறை 42 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 45 மட்டுமே. ஆகவே, குளிர்ந்த அறையில் 100 வாட் வெப்பத்தைத் தள்ளும் அதே விசிறி, இங்கே சுமார் 73 வாட் அளவே தள்ளும். குளிரூட்டிய கூடங்களில் சோதித்து எழுதியவர்களின் வேக எண்களைப் பார்த்து நம் பிள்ளைகள் ஏங்குவது வீண் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, வேகத்தைக் கூட்டும் முறையைப் பார்ப்போம். இதற்கெனப் பலரும் கையாளும் மென்பொருள் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர். இன்ன மின்னழுத்தத்தில் இன்ன வேகம் என்று காட்டும் வளைகோடு ஒன்று செயலியினுள் எழுதப்பட்டிருக்கிறது. "வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டு" என்று நாம் ஆணையிட்டால், அக்கோடு முழுவதும் மேலே நகர்கிறது. இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கோடு மேலே நகர்ந்தது என்றால், முன்பு ஒரு வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டியிருந்ததோ, இப்போது அவ்வேகத்துக்கு அதைவிடக் குறைந்த மின்னழுத்தமே கொடுக்கப்படுகிறது என்பது பொருள். மடிக்கணினியில் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் கடுமையான வரம்பு இருப்பதால், கோட்டின் உச்சிக்குச் செயலி பெரும்பாலும் ஏறுவதே இல்லை. நடுவிலேயே வரம்பு வந்து தடுத்துவிடும். எனவே, மடிக்கணினியில் ஓவர்கிளாக்கிங்கினால் ஏதேனும் நன்மை விளைந்திருக்குமாயின், அது வேகத்தைக் கூட்டியதால் விளைந்ததன்று. அதே வேலைக்கு மின்னழுத்தத்தைக் குறைத்ததால் விளைந்தது. பலர் தாம் செய்தது இன்னதென்று அறியாமலே இந்நன்மையை அடைந்திருக்கிறார்கள்.

உற்பத்தியாளர்களே இவ்வுண்மையைக் கொண்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள். என்விடியா 2017-ஆம் ஆண்டில் மேக்ஸ்-க்யூ என்னும் பெயரில் மெல்லிய மடிக்கணினிகளுக்கான முறையை அறிமுகப்படுத்தியபோது, உச்ச வேகத்தைக் கைவிட்டு, கொடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் மிகுந்த வேலை கிடைக்கும் இடத்திலே செயலியை நிறுத்தினர். கடைசிச் சில படிகள் ஏறுவதற்கே மிகுந்த மின்சாரம் செலவாகிறது என்பதால், அப்படிகளை விட்டதில் இழந்தது கொஞ்சம். தவிர்த்த வெப்பமோ அதிகம்.

உரிமை பற்றிய வழக்கு ஒன்றும் இவ்விஷயத்தில் உண்டு. 2015 பிப்ரவரியில் 347.29 என்னும் எண்ணுள்ள இயக்கு மென்பொருளை என்விடியா வெளியிட்டபோது, மடிக்கணினிகளில் ஓவர்கிளாக்கிங் செய்யும் வசதி அடைபட்டுப் போயிற்று. மடிக்கணினிகள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்றும், அவ்வசதி இதுகாறும் திறந்திருந்ததே தவறுதலாக நேர்ந்தது என்றும் கம்பெனி கூறிற்று. அதிகப் பணம் கொடுத்து உயர்ந்த ரகக் கணினி வாங்கியோர் கொதித்தெழுந்தனர். "எங்கள் பொருள், அதை ஓட்டும் பொறுப்பும் எங்களுடையது" என்பது அவர்கள் வாதம். சில நாட்களிலேயே கம்பெனி இணங்கி, அடுத்த வெளியீட்டில் வசதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. இவ்வழக்கில் நாம் வாங்கினோர் பக்கமே நிற்போம். எனினும் கம்பெனி சொன்ன காரணத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

ஏனெனில், வெப்பத்தால் மடிக்கணினிகள் மாண்ட கதை அதற்கு முன்பே நடந்திருக்கிறது. தன்னுடைய சில மடிக்கணினிச் செயலிகள் வழக்கத்துக்கு மிஞ்சிப் பழுதாகின்றன என்று அதே கம்பெனி 2008 ஜூலையில் ஒப்புக்கொண்டு, பழுது பார்க்கவும் மாற்றித் தரவுமாக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிவைப்பதாக அறிவித்தது. சில்லையும் அதன் அடித்தட்டையும் பொதிந்து இணைக்கும் பொருள்களில் இருந்த பலவீனமே காரணம். சில்லும் அடித்தட்டும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. கணினியை முடுக்கும்போது சூடேறி விரிவதும் நிறுத்தும்போது ஆறிச் சுருங்குவதுமாகப் பலமுறை நேரவே, இடையேயுள்ள நுண்ணிய ஈயப் பற்றுகள் களைத்து விரிசல் கண்டன. கம்பியை இப்புறமும் அப்புறமும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடுவது போன்றதே இது. அன்றைய பொருள்களைவிட இன்றையவை மேலானவை. எனினும் சூட்டுக்கும் ஆறுதலுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பற்றுகளின் உழைப்பும் பெரிது என்னும் விதி மாறவில்லை. சில்லினுள் ஓடும் உலோக இழைகளின் அணுக்களை மின்னோட்டமே சிறிது சிறிதாகத் தள்ளி இடம்பெயரச் செய்வதும் உண்டு. ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1969-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, மின்னோட்டமும் வெப்பமும் ஏற ஏற இழையின் ஆயுள் விரைந்து குறையும்.

மேசைக் கணினியில் வரைகலை அட்டை பழுதானால் அதனைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அது போனால் பலகை முழுவதும் போயிற்று. கடன் வாங்கிக் கணினி வாங்கிய வீட்டில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னும் சிலர், செயலியின் மின்சார வரம்பையே உயர்த்தும் பொருட்டு, வேறு மாதிரிக் கணினிக்குரிய அடிப்படை நிரலை எடுத்துத் தம் செயலியில் எழுதிவிடுகின்றனர். வெப்பக் குழாய்களும் மின்சாரப் பெட்டியும் பழையனவாகவே இருக்க, வரம்பை மட்டும் உயர்த்துவது, பழைய உருகியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பதற்கு ஒப்பானது. இதனை நாம் ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்.

மாணவரிடம் நாம் முதலில் கேட்டது, "இதன் வயிற்றைத் திறந்து எத்தனை நாளாயிற்று?" என்பதே. இரண்டாண்டாகத் திறந்ததில்லையாம். கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, அடிமூடியைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பையும் விடுவித்த பின் பார்த்தால், விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளித்துண்டு போலத் தூசு படிந்து கிடந்தது. கோடையில் வீசும் லூ காற்று தார்ப் பாலைவனத்துப் புழுதியை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைத் தடுக்க யாரால் இயலும்? விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசை நீக்கினோம். சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே தடவிய வெப்பப் பசை காய்ந்து வெடித்திருந்தது. பயிற்சியுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கொண்டு அதனை மாற்றச் செய்தோம்.

அடுத்த நாள் அதிகாலை ஆறு மணிக்கு, அறை ஓரளவு ஆறியிருந்த வேளையில், ஆஃப்டர்பர்னரைத் திறந்தோம். வேகத்தைக் கூட்டவில்லை. வேலை செய்யும்போது செயலி எந்த வேகத்தில் நிலைத்து நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, வளைகோட்டில் அதே வேகத்தைச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்துக்கு இறக்கி, அதற்கு மேலுள்ள கோட்டைச் சமதளமாக்கினோம். எல்லாக் கணினிகளும் இதற்கு இடங்கொடுப்பதில்லை; இது கொடுத்தது. ஒரேயடியாக இறக்காமல் சிறு சிறு படிகளாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம் அவருடைய கட்டடப் படத்தையே கணிக்க விட்டோம். ஐந்தாம் படியில் கணினி உறைந்தது. அணைத்து மூட்டி, இரண்டு படி மேலே ஏற்றி, அங்கே நிறுத்திக்கொண்டோம். சோதனை முடியும்வரை இவ்வமைப்பைக் கணினி தொடங்கும்போதே தானாக ஏற்றுக்கொள்ளும்படி பதியலாகாது. பதிந்துவிட்டால், தவறான அமைப்போடு ஒவ்வொரு முறையும் உறைந்துகொண்டே இருக்கும்.

நினைவகத்தின் வேகத்தையும் கூட்டிப் பார்க்கலாமே என்று மாணவர் ஆசைப்பட்டார். அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இக்காலத்து வரைகலை நினைவகங்கள் அனுப்பிய செய்தியில் பிழை நேர்ந்ததை அறிந்து மறுபடியும் அனுப்பச் செய்ய வல்லவை. வேகம் மிஞ்சினால் திரையில் ஒரு குறையும் தோன்றாமலே, திருப்பி அனுப்பும் வேலை மிகுந்து, மொத்த வேலை மெதுவாகிவிடக்கூடும். எண் உயர்ந்ததைக் கண்டு மகிழாமல், வேலை முடிந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தோம், கடிகாரம் இலாபம் காட்டவில்லை, பழையபடியே விட்டுவிட்டோம்.

கணினியின் பின்புறத்தைச் சிறிது உயர்த்த, கீழே இரண்டு மரக்கட்டைகளை வைத்தோம். அறையில் இருந்த கூலரின் நேர் முன்னே அது இருந்ததைக் கண்டு, நீர்த்திவலை படாதபடி மேசையைச் சுவரோரமாக நகர்த்தச் சொன்னோம். படம் கணிக்கும் வேலையை மாலையில் தொடங்காமல், நள்ளிரவுக்குப் பின் தொடங்கும்படி நேரம் குறித்து வைத்தார். முன்பு பொழுது விடிந்தும் முடியாதிருந்த படம், பால்காரர் வருவதற்கு முன்பே முடிந்து கிடந்தது. விசிறியின் இரைச்சலும் தணிந்துவிட்டபடியால், கீழ்வீட்டில் நமக்கும் உறக்கம் வந்தது.